கொடி ஏறிய மறுநாள்

1415ஆம் ஆண்டில், பாடன் நகரத்துக்கு மேலே குன்றில் நின்ற ஹப்ஸ்பர்க் கோட்டையைச் சுவிஸ் கூட்டணிக்காரர்கள் பிடித்துத் தீயிட்டு அழித்தார்கள். கோட்டைக்குள் இருந்த பத்திரங்களை மட்டும் எரியவிடவில்லை. எந்தக் காணி யாருடையது, எந்த ஊர் எவ்வளவு தானியம் அளக்க வேண்டும், எந்தப் பட்டினத்துக்கு என்ன உரிமை என்று ஹப்ஸ்பர்க் பிரபுக்கள் தலைமுறைகளாகச் சேர்த்து வைத்திருந்த ஆவணங்கள் அவை. அவற்றை லுசேர்ணுக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து, 1474இல் ஆஸ்திரியாவோடு நிரந்தர சமாதானம் பேசியபோது, அந்தப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பதும் பேச்சில் இடம்பெற்றது.

என் வாழ்நாளில் பாதிக்கு மேல் இந்த லுசேர்ணில்தான் கழிந்திருக்கிறது. ரொய்ஸ் ஆற்றுக்குள் நிற்கும் எண்கோணக் கோபுரத்தையும் அதைத் தொட்டுக்கொண்டு போகும் மரப்பாலத்தையும் உலகமே வந்து படம் எடுக்கிறது. அந்தக் கோபுரம் ஒரு காலத்தில் நகரத்தின் கருவூலம், ஆவணக் காப்பகம், சிறை, சித்திரவதைக்கூடம் எல்லாமாக இருந்தது. பணமும் பத்திரமும் கைதியும் ஒரே கூரையின் கீழ். ஆட்சி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

தமிழில் வரலாற்றுப் புனைவு எழுதுகிறவர்களிடம் எனக்குள்ள குறையைச் சொல்லவே இந்தக் கோபுரத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் நாவல்களில் குதிரை ஓடுகிறது, ஓலை பறக்கிறது, சதி நடக்கிறது, போர் நடக்கிறது, கொடி ஏறுகிறது. கொடி ஏறியதும் கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அந்த ஊரில் அடுப்பு மூட்டியவள் யார், வரி தண்ட வந்தவன் யார், பழைய கணக்கப்பிள்ளை புதிய எசமானிடம் போய் நின்றபோது என்ன சொன்னான் என்ற இடத்துக்கு நாங்கள் வருவதேயில்லை. வென்றவனும் தோற்றவனும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளத் தொடங்குகிற அந்தக் காலம்தான் நாவலுக்குரிய காலம் என்பது என் துணிபு. அதை எழுதாமல் விட்டதால் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

சனிக்கிழமைகளில் நான் தமிழ்ப் பாடசாலையில் மேல்வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். 2022இலும் 2023இலும் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது எங்கள் பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். தமிழில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் பெருமூச்சு விடுகிற பிள்ளை, வந்தியத்தேவன் எந்த வழியாக ஈழத்துக்கு வந்தான் என்று வரைபடம் போட்டுக் காட்டியது. கல்கிக்கு நான் செய்ய வேண்டிய வணக்கம் பெரியது. 1950 முதல் 1954 வரை அந்தக் கதையை வாரவாரம் எழுதியவர், அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து லுசேர்ணில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கும் ஆசையைக் கொடுக்கிறார். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த வகுப்பில்தான், தன் சுவிஸ் பள்ளியில் சிங்களத் தோழன் ஒருவனோடு படிக்கும் மாணவன் எழுந்து கேட்டான். "ரீச்சர், அருள்மொழி அங்க நல்லாத்தானே நடந்தவர்? விகாரையெல்லாம் திருத்திக் குடுத்தவர். பிறகு ஏன் அவன் சோழரைக் கொள்ளைக்காரர் எண்டு சொல்லுறான்?"

பிள்ளை கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. கல்கியின் இளவரசர் தன் படைக்குச் சோழநாட்டிலிருந்து உணவு வரவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்; அநுராதபுரத்தின் விகாரைகளைச் செப்பனிடுபவர்; சிம்மாசனத்தைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பவர். கல்கியின் கதை உத்தம சோழனின் முடிசூட்டோடு நின்றுவிடுகிறது. அருள்மொழி ராஜராஜனாகி அரியணை ஏறியது 985இல். சோழப்படை அநுராதபுரத்தை வீழ்த்தியது அதற்குப் பிறகு, 993ஐ ஒட்டி. 1017இல் அவர் மகன் ராஜேந்திரனின் படை ஈழத்து அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக் கடல் கடத்தியது. பன்னிரண்டு ஆண்டுகள் சோழநாட்டில் இருந்து அந்த அரசன் அங்கேயே இறந்தான். விகாரைகளின் தாதுக் கருவறைகளை உடைத்துப் பொற்சிலைகளை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் எழுதுகிறது. அதை எழுதியவர்கள் பிக்குகள். அவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் ஈழத்து அரசனின் முடியையும் அவன் தேவியரின் முடிகளையும் கொண்டுவந்தோம் என்று ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்லும்போது, சூளவம்சத்தை முழுப்பொய் என்று தள்ள நமக்கு வழியில்லை.

கல்கியின் இளவரசருக்கும் சூளவம்சத்தின் கொள்ளைக்காரருக்கும் நடுவில் எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்க்கை கிடக்கிறது. அந்த வாழ்க்கையைக் கல்வெட்டுகளில் தொட்டுப் பார்க்கலாம். சோழர் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். நாட்டுக்கு மும்முடிச் சோழமண்டலம் என்று பெயர் வந்தது. சோழ அரசியின் பெயரில் கட்டிய வானவன்மாதேவி ஈஸ்வரம் பொலன்னறுவையில் இன்றும் முழு உருவோடு நிற்கிறது. பயணிகளுக்கான பலகையில் அது 'இரண்டாம் சிவதேவாலயம்'. மாதோட்டம் ராஜராஜபுரமானது. அங்கே தாழி குமரன் என்ற சோழ அதிகாரி ராஜராஜேஸ்வரம் எழுப்பினான். பூசைக்கும் வைகாசி விசாகத் திருவிழாவுக்கும் எந்த நிலம், எந்த வருமானம் என்று அவன் வெட்டிவைத்த கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலோ, ஈழமண்டலத்து ஊர்கள் அந்தக் கோயிலுக்கு ஆண்டுதோறும் நெல்லும் காசும் அனுப்ப வேண்டும் என்று பொறித்திருக்கிறது.

அந்த நெல்லை நினைத்துப் பாருங்கள். ஈழத்தில் ஒரு குளத்துக்குக் கீழே விளைந்தது. அளந்தவன் பேசிய மொழி ஒன்று, அளந்து வாங்கியவன் பேசிய மொழி இன்னொன்று. நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவன் இருந்தே தீரவேண்டும். அவன் யார் வீட்டுப் பிள்ளை? ஊரார் அவனை எப்படிப் பார்த்தார்கள்? வறண்ட ஆண்டில் அளவைக் குறைத்து எழுதினானா, கூட்டி எழுதினானா? 1070இல் சிங்கள அரசன் விஜயபாகு சோழரை அகற்றியபோது அவன் எங்கே ஓடினான், அல்லது ஓடாமல் அதே வேலையைப் புதிய அரசனுக்குச் செய்தானா? ஒரு பெருநாவலுக்கு வேண்டிய ஆள் இந்த ஒருவனிலேயே இருக்கிறான்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் பெரியகுளத்தில் ஒரு பௌத்த விகாரை இருக்கிறது. சிங்களத்தில் வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் அது ராஜராஜப் பெரும்பள்ளி ஆனது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், புத்தர் முன் விளக்கெரிக்கத் தமிழர் பசுவும் விளக்கும் கொடுத்ததைச் சொல்கின்றன. பெரும்பள்ளிக்கு அரசனின் பெயரை வைத்தது பணிவா, அதிகாரமா, காப்பாற்றிக்கொள்ளும் தந்திரமா? பெயர் மாற்றத்துக்குச் சம்மதித்த மூத்த பிக்கு அன்று இரவு என்ன நினைத்தார்? இதற்கு விடை தரக் கல்வெட்டால் ஆகாது. கதாசிரியரால்தான் ஆகும்.

எல்லாவற்றிலும் என்னைப் பிடித்து நிறுத்துவது வேளைக்காரர் கதை. சோழப்படையோடு வந்து, சோழர் போன பிறகும் ஈழத்திலேயே தங்கிவிட்ட தமிழ் வீரர்கள் பலர் வேளைக்காரப் படையில் இருந்தார்கள். விஜயபாகுவுக்கு அவர்கள் கூலிப்படையானார்கள். சோழர் மேல் படையெடுக்க அவன் ஆயத்தம் செய்தபோது, போக மாட்டோம் என்று கிளர்ந்தார்கள்; அரண்மனையை எரித்தார்கள்; படைத்தலைவர்களைக் கொன்றார்கள். அரசன் அவர்களைக் கொடுமையாக அடக்கினான். அதே வேளைக்காரரிடம்தான், அந்த அரசன் இறந்த பிறகு, பொலன்னறுவையில் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பு வந்தது. உயிரைக் கொடுத்தும் காப்போம், எங்கள் வழித்தோன்றல்களும் காப்பார்கள் என்று அவர்கள் உறுதி கொடுத்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது. பொலன்னறுவைக்குப் போகிறவர்கள் அந்தப் பலகைக்கல்லை நின்று பார்க்கலாம். படையெடுத்து வந்தவனின் பேரன், தோற்ற நாட்டின் மிகப் புனிதமான பொருளுக்குக் காவல் நிற்கிறான். அவனுடைய பாட்டி எந்த மொழியில் அவனுக்குக் கதை சொன்னாள் என்று எனக்குத் தெரியவேண்டும். எழுதுங்கள் என்று யாரைக் கேட்பது?

அகிலன் ஓரளவு இந்தப் பக்கம் வந்தார். 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற வேங்கையின் மைந்தனில் மகிந்தனின் மகள் ரோகிணி இருக்கிறாள். தோற்ற அரசனின் மகளுடைய மனம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. ஆனால் அதுவும் அரண்மனைக்குள் காதலாகிவிட்டது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் மோகனாங்கியை 1895இல் எழுதியவர் திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை. அதுவும் நாயக்கர் அரண்மனைக் கதை. ஈழத்தவர் தொடங்கிவைத்த துறை இது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. செங்கை ஆழியான் போன்றவர்கள் பின்னர் ஈழத்து வரலாற்றையே எடுத்து எழுதினார்கள். விதை எங்களிடம் இருந்தது.

ஐரோப்பாவில் இந்த மறுநாளை எழுதுவது பழைய வழக்கம். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். வால்டர் ஸ்காட் 1819இல் ஐவன்ஹோ எழுதியபோது அந்தப் போரை எழுதவில்லை. நூறாண்டுக்கு மேல் கழிந்த பிறகும் வென்றவனும் தோற்றவனும் ஒரே மேசையில் அமர முடியாமல் தவிப்பதை எழுதினார். அதில் பன்றி மேய்க்கிற ஒருவன் கழுத்தில் எசமானின் பெயர் பொறித்த வளையத்தோடு வருகிறான். எசமானோ அவனைப் போலவே தோற்ற இனத்தவன். அந்த வளையத்தில் தோற்றவர்களுக்குள்ளேயே இருந்த மேல்கீழ் முழுதும் தெரிகிறது. 2014இல் பால் கிங்ஸ்நோர்த் அதே 1066க்குப் பின்னான மூன்று ஆண்டுகளை, நிலமும் வீடும் போன ஒரு விவசாயியின் வாயிலிருந்து எழுதினார். கல்கி ஸ்காட்டைப் படித்தவர் என்பார்கள். ஸ்காட்டின் குதிரைகள் எங்களிடம் வந்து சேர்ந்தன. கழுத்து வளையம் வரவில்லை.

இனி நான் வாழும் ஊருக்கு வருகிறேன்.

லுசேர்ண் ஏரியில் கப்பல் ஏறினால் வில்கெல்ம் டெல்லின் நாட்டுக்குள் போகலாம். மகன் தலைமேல் வைத்த ஆப்பிளை அம்பால் பிளந்தவன், கெஸ்லர் என்ற கொடிய ஆளுநனைக் கொன்றவன். ஷில்லர் 1804இல் அவனைப் பற்றி நாடகம் எழுதினார். சுவிஸ் மண்ணை அவர் மிதித்ததே இல்லை. டெல் என்று ஒருவன் வாழ்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்பது இங்குள்ள வரலாற்றாசிரியர்களின் முடிவு. அந்தக் கதை முதலில் எழுத்தில் வருவது சார்ணன் ஊரின் வெள்ளைப் புத்தகம் எனப்படும் ஏட்டில், 1470ஐ ஒட்டி. சார்ணன் லுசேர்ணிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்.

1470 என்ற ஆண்டைக் கவனியுங்கள். 1415இல் பாடனைச் சுற்றிய ஆர்கா நாட்டைப் பிடித்த கூட்டணிக்காரர்கள் அந்த நாட்டு மக்களை விடுதலை செய்யவில்லை. பங்கு பிரித்துக்கொண்டார்கள். சூர்சே போன்ற ஊர்களை லுசேர்ண் எடுத்தது. முரி, பிறெம்கார்ட்டன் பக்கத்து நிலங்கள் பல மாநிலங்களின் பொதுச் சொத்தாயின. அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்து ஆளுநர்களை அனுப்பினார்கள். 1798இல் பிரெஞ்சுப் படை வந்து எல்லாவற்றையும் குலைக்கும் வரை, 383 ஆண்டுகள் அது நடந்தது. தங்கள் பாட்டன்மார் கொடிய ஆளுநனை எதிர்த்த கதையை ஆசையாக எழுதிவைத்த அதே கைகள் ஆர்காவுக்கு ஆளுநனை அனுப்பிக்கொண்டிருந்தன. சார்ணன்காரருக்கும் அந்தப் பொதுச் சொத்தில் பங்கு உண்டு.

இதை எனக்குச் சொல்லித் தந்தது புத்தகம் இல்லை. நான் சமையலறையில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் முரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒரு மூதாட்டி இருந்தார். ஓகஸ்ட் முதலாம் திகதி, சுவிஸ் தேசிய நாளன்று, தோட்டத்தில் காகிதக் கூண்டு விளக்குகள் கட்டுவோம். உருளைக்கிழங்குச் சாலட்டும் வாட்டிய சேர்வலா சொசேஜும் கொடுப்போம். பேச வந்தவர் டெல்லைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அந்த அம்மா தட்டை என்னிடம் நீட்டியபடி, தங்கள் ஊருக்கு வந்த கெஸ்லர்கள் லுசேர்ணிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வந்தவர்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. அவருடைய அப்பா சொன்னதாம்; அப்பாவுக்கு அவருடைய அப்பா. ஆண்டுகள் அவருக்குத் தெரியாது. எந்தக் களஞ்சியத்துக்குத் தானியம் போனது என்பது தெரியும். ஹப்ஸ்பர்க் குடும்பம் நிறுவிய முரி மடத்தில் அந்த வம்சத்துக் கடைசிப் பேரரசரின் இருதயம் வைக்கப்பட்டிருப்பதையும் அவர்தான் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். தோற்றுப் போன வம்சத்துக்கும் நினைவு வைத்திருக்கும் மண் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1653இல் என்ட்லெபுக் பள்ளத்தாக்கின் விவசாயிகள் லுசேர்ண் நகர எசமான்களுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அவர்களில் மூவர் டெல்லைப் போல உடை உடுத்தி நின்றார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகும் அந்த 'மூன்று டெல்கள்' நகரத்துப் பிரதிநிதிகள் மேல் பதுங்கியிருந்து சுட்டார்கள், ஒருவர் இறந்தார். எசமான்கள் எழுதிய வீரக் கதையைக் குடியானவர்கள் எடுத்து எசமான்களுக்கே எதிராகப் பயன்படுத்தினார்கள். மரப்பாலத்தின் கூரைக்குக் கீழே முக்கோணப் பலகைகளில் வெற்றிகளும் புனிதர்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. 1993இல் தீப்பற்றியபோது அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. என்ட்லெபுக் விவசாயியை நான் அங்கே தேடிப் பார்த்தேன். காணவில்லை.

சோழரைப் பற்றிப் பேசும்போது எங்களை வென்றவர்களாகவே நினைத்துப் பழகிவிட்டோம். நான் பிறந்தது நல்லூரில், கோயில் மணி வீட்டுக்குக் கேட்கும் தூரத்தில். எங்கள் ஊரையும் ஒருவர் வென்றார். 1450இல் தெற்கே கோட்டை இராச்சியத்தின் அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன், நாங்கள் செண்பகப் பெருமாள் என்றும் சிங்களவர் சபுமல் குமாரயா என்றும் சொல்பவர், யாழ்ப்பாண அரசைப் பிடித்தார். அதன் அரசன் கனகசூரிய சிங்கையாரியன் கடல் கடந்து தப்பினான். பதினேழு ஆண்டுகள் செண்பகப் பெருமாளின் ஆட்சி. 1467இல் கோட்டை அரசன் இறந்ததும் அரியணைப் போட்டிக்காக அவர் தெற்கே போனார். புவனேகபாகு என்ற பெயரில் அங்கே முடி சூடினார். கனகசூரியன் மக்களோடு திரும்பி வந்தான்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். அங்கே கட்டியகாரர் சொல்லும் கட்டியத்தில் ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் இன்றும் வருகிறது. கோயிலைக் கட்டியவர் அவர்தான் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். பழைய கோயிலை 1621இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள், இப்போது இருப்பது பின்னர் எழுந்தது. யாழ்ப்பாண வைபவமாலை என்ற எங்கள் பழைய வரலாற்று நூலோ புவனேகவாகுவை முதல் ஆரியச் சக்கரவர்த்தியின் மந்திரி ஆக்கிவிட்டது. அதாவது வென்று வந்தவரை எங்கள் ஊர் தன் ஞாபகத்துக்குள் இழுத்து, தன் அரசனுக்கு ஊழியம் செய்தவராக மாற்றிக்கொண்டது. சின்ன வயதில் எத்தனையோ முறை அந்தக் கட்டியத்தைக் கேட்டுக் கும்பிட்டிருக்கிறேன். அந்தப் பெயர் யாருடையது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதே காலத்துச் சிங்களத் தூதுக்கவிதை ஒன்று உண்டு. கோகில சந்தேசய. தெற்கே தேவிநுவரவில் இருந்த பிக்கு ஒருவர் குயிலைத் தூது விடுகிறார். குயில் இலங்கையின் கரையோரமாக வடக்கே பறந்து, யாழ்ப்பாணத்தில் ஆட்சி செய்யும் சபுமல் குமாரயனிடம் செய்தி சொல்ல வேண்டும். போகிற வழியில் ஊர்கள், துறைமுகங்கள், கடைசியில் எங்கள் பட்டினம். வென்றவனின் பக்கத்திலிருந்து பார்த்த யாழ்ப்பாணம் அது. தூது இலக்கியத்தில் ஊறிய தமிழுக்கு இது சொந்த வீட்டுக் கதை மாதிரி. ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடங்களில் அதன் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

1467இல் பழைய அரசன் திரும்பி வந்த நாளை யோசிக்கிறேன். அந்தப் பதினேழு ஆண்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அவன் யாரோ ஒரு புதியவன். செண்பகப் பெருமாளின் ஆட்சியில் கணக்கு எழுதியவர்கள், நிலம் வாங்கியவர்கள், பெண் கொடுத்தவர்கள், பூசை செய்தவர்கள் எல்லாரும் ஊரில்தான் இருந்திருப்பார்கள். யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள்? யாருடைய காணி யாருக்குத் திரும்பியது? அண்டை வீடுகளுக்கு இடையில் எத்தனை தலைமுறைக்குப் பேச்சு நின்றது?

இந்தக் கேள்விகளை நான் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது என் அம்மாவும் நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பிப் போனார். அப்போது ஊர் இராணுவத்தின் கைக்கு மாறியிருந்தது. கொழும்பு வழியாகச் சுற்றி லுசேர்ணுக்கு வந்த அவருடைய கடிதங்களில் போர் பற்றி ஒரு வரியும் இருக்காது. கிணற்றுக்கட்டில் இருந்த வாளியை யாரோ எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கதவு எங்கள் ஒழுங்கையின் வேறொரு வீட்டில் பூட்டியிருக்கிறது, கேட்க மனம் வரவில்லை. சென்றிக்கு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே நிற்கும் பெடியனுக்கு இருபது வயதும் இருக்காது, தமிழில் "அம்மா" என்ற ஒரு சொல் பழகியிருக்கிறான், அதைச் சொல்லும்போது தலையைக் குனிகிறான். முருங்கை காய்த்திருக்கிறது. இப்படித்தான் எழுதுவார். பிடிபட்ட ஊரின் வாழ்க்கை பற்றி நான் வாசித்ததில் இந்தக் கடிதங்களுக்கு நிகராக எதுவும் இல்லை. பொலன்னறுவையில் 1017இல் ஒரு சிங்களத் தாயும் இப்படி எதையோ எண்ணி வைத்திருப்பாள். அதைத் தமிழில் எழுதத் தகுதி உள்ளவர்கள் நாங்கள்தான். நாங்கள் இரண்டு பக்கத்திலும் நின்றிருக்கிறோம்.

தமிழரின் பெருமையை இது குறைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இங்கே நிமிர்ந்து நிற்க ஏதாவது வேண்டாமா என்று கேட்டார் ஒரு தந்தை. அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். தொழிற்கல்வி இடத்துக்கு விண்ணப்பம் போடும்போது பெயரின் நீளத்தைப் பார்த்தே ஒதுக்கப்பட்ட பிள்ளைகளை அவரும் நானும் அறிவோம். ராஜராஜனின் பெயர் அந்தப் பிள்ளைக்கு முதுகெலும்பாக இருக்கட்டும். ஆனால் தஞ்சைக் கோயிலின் நிழலை மட்டும் காட்டி, அந்தக் கோயிலுக்கு நெல் அனுப்பிய ஈழத்து ஊரை மறைத்தால், சிங்களத் தோழன் ஒருநாள் கேட்கும் கேள்விக்கு முன்னால் பிள்ளை தனியே நிற்கும். உண்மை முழுதும் தெரிந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் பேசச் சொல் இருக்கும்.

செம்பாக் போர்க்களத்துச் சிற்றாலயத்துக்கு நான் மேல்வகுப்பை அழைத்துப்போவது அதற்காகத்தான். 1386இல் லுசேர்ணும் கூட்டாளிகளும் ஹப்ஸ்பர்க் படையை அங்கே தோற்கடித்தார்கள். லியோபோல்ட் பிரபுவே அந்தக் களத்தில் இறந்தார். அந்தச் சுவர்களில் தங்கள் பக்கத்து இறந்தவர்களின் பெயர்களோடு எதிரிப் பிரபுக்களின் சின்னங்களையும் தீட்டி வைத்திருக்கிறார்கள். வென்றவன் கட்டிய ஆலயத்தில் தோற்றவனுக்கும் இடம். எங்கள் பிள்ளைகள் அந்தச் சுவரை நீண்ட நேரம் பார்க்கிறார்கள். முள்ளிவாய்க்காலைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் என்ன சொல்கிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

வாசகர் ஓட்டம் கேட்பார், கணக்கப்பிள்ளையின் கதையில் ஓட்டம் எங்கே என்று பத்திரிகை ஆசிரியர்கள் கேட்கலாம். விஜயபாகுவின் அரண்மனை எரிந்த இரவில் ஓட்டம் இல்லையா? மகிந்தனின் பிள்ளையைச் சோழர் கண்ணில் படாமல் ஒளித்து வளர்த்தார்கள் என்கிறது சூளவம்சம்; அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காவலைக் கடந்த பெண்ணின் கதையில் இல்லாத பதற்றம் எந்த வாள்சண்டையில் இருக்கிறது?

ஆகவே என் வேண்டுகோள்கள் வெளிப்படையானவை. இளம் எழுத்தாளர்கள் பொலன்னறுவைக்குப் போங்கள்; வேளைக்காரர் கல்லை உங்கள் கண்ணால் பாருங்கள்; கொழும்பு அருங்காட்சியகத்தில் மாதோட்டத்துக் கல்லின் முன் நில்லுங்கள். சிங்களம் தெரிந்த நண்பரோடு உட்கார்ந்து கோகில சந்தேசயவையும் சூளவம்சத்தையும் வாசியுங்கள். வார இதழ் நடத்துபவர்கள் அடுத்த வரலாற்றுத் தொடரை ஒரு இளவரசனிடம் தொடங்காமல், நெல் அளந்த ஒரு வீட்டில் தொடங்க இடம் கொடுங்கள். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகும் வாசகர்களிடம் கேட்பது இதுதான்: பொன்னியின் செல்வனின் புதிய பதிப்பை வாங்குங்கள், வாங்கிய கையோடு பதிப்பாளரிடம், சோழர் ஈழத்தை ஆண்ட அந்த எழுபது ஆண்டுகளைப் பற்றி நாவல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், எப்போது வரும் என்றும் கேளுங்கள்.